பழைய ரம்பம்தான் உசத்தியா?

“அந்தக் காலத்து இரும்பே வேற சார்.” பட்டினப்பாக்கம் கடல் காற்றில் உப்பிப்போன என் வீட்டுக் கதவைச் சரிசெய்ய வந்த தச்சர் சொன்னது. கையில் அவர் அப்பா காலத்து ரம்பம். போன வருஷம் வாங்கிய புது ரம்பம் மழுங்கிப்போய் பையில் கிடந்தது.

எனக்கு முதலில் வந்த சந்தேகம்: அந்தக் காலத்து மட்டமான ரம்பங்கள் எங்கே? எல்லாம் எப்போதோ காயலான் கடைக்குப் போயாச்சு. நல்லது மட்டும் மிச்சம். இரண்டாம் உலகப் போரில் புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் சொன்னதும் இதுதான்: திரும்பி வந்த விமானங்களின் ஓட்டைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், திரும்பாதவற்றையும் கணக்கில் சேருங்கள்.

ஆனா விஷயம் அதோட முடியலை. இப்போது வரும் பல கை ரம்பங்களின் பற்களை, இண்டக்‌ஷன் அடுப்பு வேலை செய்யும் அதே தத்துவத்தில் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குகிறார்கள். பல் நுனி கறுத்திருக்கும். பழைய பல்லைவிட இது உண்மையில் கெட்டி. கூர்மையும் அதிக நாள் நிற்கும். ஆனால் மழுங்கியபின் அரம் போட்டால் வழுக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய பல் அரத்தைவிட மென்மை. முக்கோண அரத்தால் தீட்டித் தீட்டி, தகடு தேயும்வரை ஓட்டலாம்.

ஆக, இரும்பு மோசமாகவில்லை. பழுதுபார்க்கும் வழியைத்தான் அடைத்துவிட்டார்கள். கருவி வாங்கும்போது “எவ்வளவு கெட்டி?” என்பதைவிட “மழுங்கினால் என்ன செய்வது?” என்று கேட்பதே சரி.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பாதியும் இருக்கு. தச்சரின் மகனுக்குப் பல் தீட்டத் தெரியாதாம். அப்போ அந்தப் பழைய ரம்பமும் இவரோடு சரி.