பின்வரிசையிலிருந்து ஒரு குரல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் வளர்ந்த காஸ்பல் இசையை நான் பல வருடங்கள் பாதிதான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாடுகிறவரின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போவேன். ஒருநாள், ஆராதனைக் கூடத்திலேயே பதிவான ஒரு பாட்டில், பின்வரிசையில் யாரோ ஒரு பெண்மணி இடையில் கூவியது காதில் விழுந்தது. பாடகி அந்த அடியை முடித்துவிட்டு மேலே போயிருக்க வேண்டும். போகவில்லை. அதே அடிக்குத் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் உயரத்தில் அதை எடுத்தார். கூடம் பொங்கியது. மறுபடியும் திரும்பினார். முகம் தெரியாத ஒருவரின் கூவல் பாட்டின் பாதையையே மாற்றிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் காஸ்பல் பதிவைப் போட்டாலும், பாடுகிறவருக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்றுதான் தேடுகிறேன்.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு என் யோசனை இது. நூறு பாட்டுகளை அள்ளிக்கொள்ளாதீர்கள். ஒரே பாட்டை எடுத்து, மூன்று பதிவுகளில் கேளுங்கள். பாட்டின் பெயர் 'டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்'. களைத்துப்போன ஒருவர் ஆண்டவரிடம் கையை நீட்டுகிற சின்னப் பாட்டு. கேட்பதற்கு முன் அது பிறந்த கதை தெரிந்திருப்பது நல்லது.

எழுதியவர் தாமஸ் டார்சி. 1899-இல் ஜார்ஜியாவில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் இசை வாசித்துச் சம்பாதித்தவர். புகழ்பெற்ற ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். 1928-இல் கிதார் கலைஞர் டாம்பா ரெட்டுடன் அவர் பதிவு செய்த குறும்புப் பாட்டு அமோகமாக விற்றது. அதே விரல்களோடு அவர் தேவாலயத்துக்குள் வந்தபோது, மதுக்கூடத்துத் தாளம் ஆராதனைக்கு ஆகாது என்று பல சபைகள் முகம் திருப்பிக்கொண்டன. 1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயிஸில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அங்கே தந்தி வந்தது. சிகாகோவில் மனைவி நெட்டி பிரசவத்தில் இறந்துவிட்டார். ஊர் திரும்பினால், பிறந்த ஆண் குழந்தையும் தங்கவில்லை. தாயையும் சேயையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். சில நாள் கழித்துப் பியானோ முன் உட்கார்ந்தவருக்கு, பழைய துதிப்பாட்டு ஒன்றின் மெட்டைத் தழுவி இந்தப் பாட்டு வந்தது.

மெட்டு எளியது. ஆனால் நடையைக் கவனியுங்கள். நான்கு தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஒரு 'தகிட'. மெதுவான காஸ்பல் பாட்டுகளில் பெரும்பாலும் இந்த அசைவுதான், தொட்டில் ஆடுகிற மாதிரி. வேகமான பாட்டானால் கைத்தட்டு இரண்டாவது, நான்காவது எண்ணிக்கைகளில் விழும். நமக்கு முதல் எண்ணிக்கையில் தட்டித்தான் பழக்கம். கொஞ்ச நேரம் அவர்களோடு சேர்ந்து தட்டிப் பாருங்கள், உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

முதல் பதிவு மஹேலியா ஜாக்சன் 1956-இல் கொலம்பியா நிறுவனத்துக்குப் பாடியது. 1911-இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சின்ன வயதிலேயே தாயை இழந்து, தாயின் சகோதரி வீட்டில் கண்டிப்பாக வளர்ந்தவர். அவருடைய பாப்டிஸ்ட் சபையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, எல்லோரும் அதை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சபை. அங்கே டிரம்மும் டாம்பரினும் கைத்தட்டும் காலடித் தாளமும். போதாததற்கு, பெரியவர்கள் இல்லாத நேரத்தில் காதில் விழுந்த பெஸ்ஸி ஸ்மித்தின் ப்ளூஸ் இசைத்தட்டுகள். இந்த மூன்றும் அந்தத் தொண்டையில் இறங்கியிருந்தன. பதினாறு வயது வாக்கில் சிகாகோ வந்து, வீட்டுவேலை செய்து பிழைத்து, டார்சியின் பாட்டுத் தாள்கள் விற்பனையாவதற்காக ஊர் ஊராகப் பாடிக் காட்டினார். அவருக்குப் பெரும்புகழ் தந்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' 1947-இல் பதிவானது. அது ஒரு பக்கத்தில் அடங்காமல் இசைத்தட்டின் இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டது. எவ்வளவு பணம் தருகிறோம் என்றாலும் ப்ளூஸ் பாட மாட்டேன் என்று கடைசிவரை நின்றவர்.

அவருடைய 'பிரெஷஸ் லார்ட்' பதிவில் தாளம் ஏறக்குறைய கரைந்துவிடுகிறது. ஒரு சொல்லை நீட்டி, அதற்குள்ளேயே சுரங்களை வளைத்து, நாம் எதிர்பார்க்காத இடத்தில் மூச்சு எடுப்பார். அந்த மூச்சும் பாட்டுதான். ஸ்டூடியோவில் சபை கிடையாது. அப்போது பதில் யார் சொல்வது? மில்ட்ரெட் ஃபால்ஸின் பியானோவைக் கேளுங்கள். மஹேலியா அடியை முடித்து நிறுத்துகிற இடைவெளிகளில் அது தலையாட்டுகிறது, ஆமோதிக்கிறது, சில இடங்களில் அடுத்த அடிக்கு வழிகாட்டுகிறது. பல வருடங்கள் மஹேலியாவோடு ஊர்சுற்றிய பெண்மணி. அவர் பெயரை எல்லோரும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

இரண்டாவது பதிவும் அதே 1956-ஐச் சேர்ந்தது. மஹேலியாவுக்கு அப்போது 44 வயது. இதைப் பாடுகிற அரீத்தா ஃப்ராங்க்ளினுக்கு 14. டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற போதகரான சி.எல். ஃப்ராங்க்ளினின் மகள். மஹேலியா இவர்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர். அரீத்தாவின் தாய் 1952-இல் இறந்துவிட்டார். கூட்டத்தின் நடுவே, பியானோவைத் தானே வாசித்துக்கொண்டு பாடுகிறாள். ஒலிப்பதிவு கரகரவென்றுதான் இருக்கும், பொருட்படுத்தாதீர்கள். இந்த வயதில் இந்தத் துக்கம் எங்கிருந்து வந்தது என்று முதல்முறை கேட்டபோது திகைத்துப் போனேன்.

மூன்றாவது பதிவுக்குப் போவதற்குள் இரண்டு பேரைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. காஸ்பல் என்றால் அழுகை மட்டுமல்ல. சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கையில் எலக்ட்ரிக் கிதாருடன் 1964-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில் பாடிய காட்சி இருக்கிறது. தொலைக்காட்சிக்காகப் படமெடுத்தது. மழை பெய்த அந்த நாளில் அவர் பாடியது நோவா காலத்து மழையைப் பற்றிய பாட்டு. கோட்டு போட்டுக்கொண்டு, எதிர் நடைமேடையில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்த்துக் கிதாரை விளாசுகிறார். ராக் அண்ட் ரோல் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இன்னொருவர் சாம் குக். சோல் ஸ்டிரர்ஸ் என்ற குவார்டெட்டில் பாடியவர். குவார்டெட் என்றாலும் ஐந்தாறு பேர் இருப்பார்கள், நான்கு குரல்பகுதிகள் என்பதுதான் கணக்கு. 1955-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் பதிவான 'நியரர் டு தீ' கேளுங்கள். சாமின் வழுக்கும் குரலும் பால் ஃபாஸ்டரின் சொரசொரப்பான குரலும் மாறி மாறி ஒரே அடியைச் சுற்றுகின்றன. கர்நாடக இசையில் நிரவல் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும். ஒரு வித்தியாசம், இங்கே நிரவலை எப்போது நிறுத்துவது என்பதில் கூட்டத்துக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடத்தில் சாம் காதல் பாட்டுகளுக்குப் போய்விட்டார். 1964-இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது 33 வயது.

இனி மூன்றாவது பதிவு. 1972 ஜனவரி 13, 14 இரவுகள். இடம் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் தேவாலயம். அரீத்தா இப்போது உலகம் அறிந்த சோல் இசை அரசி. பக்கத்தில் பியானோவோடு ஜேம்ஸ் கிளீவ்லண்ட். சிறுவயதில் சிகாகோவில் டார்சியின் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர். பின்னால் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயர் என்ற பாடகர் குழு. 'பிரெஷஸ் லார்ட்' இங்கே கரோல் கிங்கின் நட்புப் பாட்டு ஒன்றோடு பின்னி வருகிறது. கொயர் அலையாக எழும்பும்போது அரீத்தா அதன்மேல் ஏறி நிற்பதையும், அது தாழும்போது தனியாக நின்று முனகுவதையும் தனித்தனியாகக் கேளுங்கள். அதே ஆல்பத்தின் 'அமேசிங் கிரேஸ்' ஏறக்குறைய பதினொரு நிமிடம். படமாகவும் எடுத்தார்கள். படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமல் கிடந்து 2018-இல்தான் அது வெளிவந்தது. அதில், அந்தப் பாட்டின் நடுவே கிளீவ்லண்ட் வாசிக்க முடியாமல் பியானோவை விட்டு விலகி உட்கார்ந்து, துண்டில் முகம் புதைத்து அழுகிறார். அதுவும் ஒரு பதில்தான். இன்னொரு பாட்டில், பியானோ வாசிக்கும் அரீத்தாவின் முகத்து வியர்வையை அவருடைய தந்தை எழுந்து வந்து துடைக்கிறார்.

இந்தப் பதிவு முடிந்து இரண்டு வாரம் ஆகவில்லை, ஜனவரி 27 அன்று மஹேலியா காலமானார். நான்கு வருடத்துக்கு முன் மெம்ஃபிஸில் மார்ட்டின் லூதர் கிங், சுடப்படுவதற்குச் சற்று முன், அன்றிரவுக் கூட்டத்தில் 'பிரெஷஸ் லார்ட்' வாசிக்கும்படி ஓர் இசைக்கலைஞரிடம் கேட்டிருந்தார். கிங்கின் இறுதிச் சடங்கில் அதைப் பாடியவர் மஹேலியா. இப்போது சிகாகோவில் மஹேலியாவின் இறுதி ஆராதனையில் அதைப் பாட அரீத்தா எழுந்தார்.

இவ்வளவும் கேட்டான பிறகு அந்த 14 வயதுப் பெண்ணின் கரகரத்த பதிவை மறுபடி போடுங்கள். இந்தமுறை அவளை விட்டுவிட்டு, சுற்றியிருப்பவர்களை மட்டும் கேளுங்கள். அவள் ஒரு சொல்லை நீட்டுகிறாள். கூட்டத்திலிருந்து குரல்கள் எழுகின்றன, போ மகளே, இன்னும் போ என்பதைப்போல. அவள் போகிறாள்.