இது எந்த ஊர்க் கடல்?

ஒரு கண்காட்சிக்காகப் பன்னிரண்டு படங்களை எடுத்துக்கொண்டு போனேன். எல்லாம் கடல். கரை இல்லை, படகு இல்லை, தொடுவானம்கூட இல்லை. தண்ணீர் மட்டும். தேர்வு செய்ய உட்கார்ந்திருந்தவர் மரியாதையானவர்தான். டீ வரவழைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு படமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார்: 'நல்லா இருக்கு. ஆனா உங்க வாழ்க்கை இதுல எங்க இருக்கு?'

சேரியைப் படமெடுத்துக் கொண்டுவருவேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். சாக்கடை, குடிசை, அழுகிற கிழவி. அதே கண்காட்சியில் இன்னொருவரின் பனிமலைப் படங்கள் இருந்தன. அவருடைய வாழ்க்கை பனிமலையில் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆக, ரணம் நமக்கு, அழகு அவங்களுக்கு. ஊர் இங்கே, சேரி அங்கே என்று இடம் பிரித்த அதே புத்திதான் கலையிலும் பாகம் பிரித்துக் கொடுக்கிறது. அரூபம் என்ன அக்ரகாரத்துக் கிணறா, நாம் இறங்கக் கூடாது என்பதற்கு?

ரெண்டு நாள் இந்தக் கோபத்திலேயே இருந்தேன். கோபம் நியாயமானதுதான், இப்பவும் அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் என் படங்களையே எடுத்து வைத்துக்கொண்டு வேறொரு கேள்வி கேட்டுப் பார்த்தேன். இந்த மாதிரிப் படம் செய்யும்போது என் கை எதை எதை வெட்டுகிறது? விமர்சனம் என்றால் அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும். எனவே தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, தொடுவானத்தை வெளியே தள்ளுவது. டெலி லென்ஸ் போட்டு அலையின் ஒரு துண்டை மட்டும் பிடித்தால் அளவு தெரியாமல் போகும். முழங்கால் அலையா, பனைமர உயர அலையா என்று பார்ப்பவருக்குப் பிடிபடாது. இரண்டாவது, ஷட்டர் ஸ்பீடு. ஆயிரத்தில் ஒரு வினாடி வைத்தால் தெறிக்கும் துளி கண்ணாடிச் சில்லு மாதிரி அந்தரத்தில் நிற்கும். கால் வினாடி வைத்து, கேமராவைப் பக்கவாட்டில் சீராக இழுத்தால் கடல் கோடுகோடாகும், கோரைப்பாய் மாதிரி. லென்ஸுக்கு முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்பு பில்டரை மாட்டி முப்பது வினாடி திறந்து வைத்தால் அலையே இருக்காது. பால் கொட்டின மாதிரி, புகை மாதிரி ஒன்று மிஞ்சும். அப்புறம் கம்ப்யூட்டர். கறுப்பை இன்னும் கறுப்பாக்கி, நீலத்தை வடித்து, மூலையில் மிதக்கிற பிளாஸ்டிக் பையைத் துடைத்து எடுத்தால் முடிந்தது. சில சமயம் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்போம். வெளிச்சம் கீழேயிருந்து வருகிற மாதிரி ஆகும்போது தண்ணீர் பட்டுத்துணியாகிவிடும்.

இதில் அந்த முப்பது வினாடி சமாச்சாரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அந்த நேரத்துக்குள் படத்தின் குறுக்கே வலையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகிறவர் படத்தில் பதிய மாட்டார். அசையாமல் கிடக்கிற பாறை பதியும். வேலை செய்றவன் அழிஞ்சி போவான், சும்மா கிடக்கிறது நிக்கும். இது இன்று வந்த வித்தை அல்ல. 1838இல் பாரிஸ் நகரத்தின் ஒரு பெரிய வீதியைத் தாகெர் உயரத்திலிருந்து படமெடுத்தார். பல நிமிடங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்த காலம். வண்டியும் சனமும் போய்க்கொண்டிருந்த வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓர் ஆள் மட்டும் தெளிவாக நிற்கிறார். காலை நீட்டி பூட்சு துடைக்கக் கொடுத்தபடி அவர் அசையாமல் நின்றிருந்தார். குனிந்து துடைத்தவர்? பக்கத்தில் ஒரு மங்கல். இது தாகெர் செய்த சதி இல்லை, கருவியின் இயல்பு. ஆனால் கருவியின் இயல்பு யார் பக்கம் சாய்கிறது என்று கேட்காமல் அழகியல் பேச நமக்குக் கட்டுப்படியாகாது.

வெட்டி ஒட்டுவதே பொய் என்று சொல்ல வரவில்லை. 1857இல் பிரான்சின் தென்கரையில், சேத் என்ற ஊரில், குஸ்தாவ் லெ கிரே ஒரு பெரிய அலையைப் படமெடுத்தார். அந்தக் காலத்துத் தகட்டுக்கு நீல வெளிச்சம் மிஞ்சிப் போகும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெளுத்துவிடும். எனவே வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து, தொடுவானத்தில் இணைத்து அச்சிட்டார். தகட்டின் ஊனத்தைக் கைத்திறன் ஈடுகட்டியது. அதில் யாரும் காணாமல் போகவில்லை.

நான் வெட்டக் கற்றுக்கொண்டது வேறு இடத்தில். தொண்ணூறுகளில் ஒரு ஸ்டுடியோவின் இருட்டறையில் கல்யாணப் படங்கள் அச்சிட்டேன். முதலாளி ரெண்டு விஷயம் சொல்லித் தந்தார். 'பொண்ணு மூஞ்சிய வெளுப்பா எடு.' 'ஊர்வலத்துல மேளக்காரனுங்கள வெட்டிடு, ஆல்பத்துக்கு அசிங்கம்.' வெட்டினேன். பறையடித்தவர்களில் ஒருவர் என் தாய்மாமன். என்லார்ஜருக்குக் கீழே சட்டத்தின் தகட்டை அரை அங்குலம் நகர்த்தினால் போதும், மாமன் இல்லை. அவர் அடித்த அடிக்கு ஆடிக்கொண்டிருக்கிற கால்கள் மட்டும் ஆல்பத்தில் இருக்கும்.

அதனால்தான் ஆந்த்ரேயாஸ் குர்ஸ்கியின் ரைன் ஆற்றுப் படத்தைப் பார்க்கும்போது எனக்குக் கை அரிக்கிறது. 1999இல் செய்தது. பச்சைப் புல், சாம்பல் தண்ணீர், சாம்பல் வானம், எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்ட பட்டைகள் மாதிரி. எதிர்க்கரைக் கட்டடத்தையும், நாயோடு நடந்தவர்களையும் கம்ப்யூட்டரில் நீக்கிவிட்டார். 2011இல் நாற்பத்து மூன்று லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படம் அழகுதான். இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆனால் சுத்தம் செய்த இடம் என்றால் அதற்குத் தனி விலை உண்டு என்பது நமக்குத் தெரியாத சங்கதியா?

ஹிரோஷி சுகிமோட்டோ இன்னும் சிக்கலானவர். 1980 முதல் உலகத்துக் கடல்களை ஒரே மாதிரி எடுத்தவர். கறுப்பு வெள்ளை, பாதி வானம், பாதி நீர், நடுவில் தொடுவானம். ஆதி மனிதன் பார்த்த காட்சியை இன்றைய மனிதன் பார்க்க முடியுமா என்பது அவருடைய கேள்வி. படத்துக்கு முன்னால் நின்றால் மூச்சு மெதுவாகும். ஆனால் அடியில் தலைப்பைப் படியுங்கள்: கரீபியன் கடல், ஜமைக்கா, 1980. ஜமைக்கா என்று படித்த பிறகு அது ஆதி மனிதனின் கடலாக எனக்கு மிஞ்சவில்லை. ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியில் பிணைத்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த கப்பல்கள் மிதந்த கடல் அது. படம் வரலாற்றைத் துடைக்கிறது, தலைப்பு திருப்பிக் கொண்டுவருகிறது. 'மௌனம்', 'முடிவிலி' என்று பெயர் வைக்காமல் இடத்தையும் ஆண்டையும் எழுதியதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இதைப் புத்தகம் படித்து நான் கண்டுபிடிக்கவில்லை. என் சித்தப்பா சொன்னது. கண்காட்சியிலிருந்து திரும்பி வந்த படங்கள் சுவரில் சாய்ந்திருந்தன. சோறு சாப்பிட உட்கார்ந்தவர் ஒன்றைக் காட்டிக் கேட்டார்.

'இது எந்த ஊருக் கடலுடா?'

'எந்த ஊரா இருந்தா என்ன சித்தப்பா? தண்ணிதானே.'

'அதெப்படி? நாகப்பட்டினத்துக் கடலா இருந்தா என்னால இங்க ஒக்காந்து சோறு துன்ன முடியாதே.'

சித்தப்பா ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளியாக இருந்தவர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல் சனம் செத்தது. பிணம் எடுக்கப் பல நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நம்ம சனம். லாரியில் ஏற்றி இறக்கிவிட்டதும், முதல் நாள் வெறுங்கையால்தான் எடுத்ததும் சித்தப்பா சொல்லித் தெரியும். அவர் காட்டிய படம் பரங்கிப்பேட்டையில் எடுத்தது. அதைச் சொன்னேன். சாப்பிட்டார். பன்னிரண்டில் ரெண்டு படம் நாகப்பட்டினத்தில் எடுத்தவை. அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் ரோனி ஹார்னின் தேம்ஸ் ஆற்றுப் படங்கள் எனக்கு உறைத்தன. அதுவும் 1999தான். பதினைந்து படங்கள், வெறும் நீர்ப்பரப்பு, கரை இல்லை. உற்றுப் பார்த்தால் தண்ணீர்மேல் பொடிப்பொடியாக எண்கள். கீழே அந்த எண்களுக்கு அடிக்குறிப்புகள். ஆற்றில் விழுந்து செத்தவர்களும் அந்தக் குறிப்புகளில் வருகிறார்கள். ரெண்டும் ஆறுதான், கடல் இல்லை. ஆனால் ஒரே ஆண்டில் ஒருவர் கரையில் நடந்தவர்களை நீக்கினார், இன்னொருவர் நீரில் போனவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அரூபம் ரெண்டுமே. எந்த அரூபம் நமக்கு வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

எனவே, தேர்வு செய்தவருக்கு என் பதில் இதுதான். கடலை எடுப்பதை நிறுத்த மாட்டேன். 'உன் வாழ்க்கை' என்று நீங்கள் ஒதுக்கித் தரும் மூலையில் உட்காரவும் மாட்டேன். அலையின் மடிப்பைப் பார்த்துச் சொக்கிப் போகிற உரிமை எனக்கும் உண்டு. ஆனால் எங்கே எடுத்தேன், எதை வெளியே விட்டேன் என்பதைப் படத்தின் அடியில் எழுதுவேன். இப்படி: 'நாகப்பட்டினம். காலை. முப்பது வினாடி. மூன்று பேர் வலையோடு குறுக்கே போனார்கள், பதியவில்லை. வலது மூலையில் இருந்த பிளாஸ்டிக் பையை நான் துடைத்தேன்.'

பன்னிரண்டுக்கும் எழுதி முடித்துவிட்டேன். சித்தப்பாவுக்கு எழுத்து தெரியாது. அந்த ரெண்டு படத்தின் குறிப்பையும் அவருக்கு நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். அதுக்கப்புறம்தான் கண்காட்சி.