தத்தன் நடந்த வழி

மெய்ப்பொருள் நாயனார் புராணத்தை வகுப்பில் கற்பிப்போருள் பலர் மன்னர் குத்துண்டு வீழ்ந்த இடத்திலேயே கதையை முடித்துவிடுவர். திருநீற்றுக் கோலத்தையே மெய்ப்பொருளாகக் கொண்ட அடியவரின் பெருமை அங்கே நிறைவுற்றது என்பது அவர்தம் கருத்து. ஆயின் சேக்கிழார் பெருமான் அங்கே முடித்தாரல்லர். கொலைஞன் அரண்மனையினின்று வெளியேறிக் கானகம் சேரும் வரை அவர் பின்தொடர்கின்றார். அவனை அழைத்துச் செல்பவன் தத்தன் என்னும் காவலன். புராணத்தின் உயிர் இப்பகுதியில்தான் துடிக்கின்றது எனலாம்.

மூல நூல்களை ஒப்பிட்டு நோக்கின் இது தெளிவாகும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நாயனாரின் பெயரைப் போற்றிச் செல்வதோடு அமைகின்றார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியின் ஒரே செய்யுளுள் பொய்த்தவ வேடத்தானின் கொடுமை, மன்னர் தத்தனை விளித்து இவன் நம்மவன் என்றுரைத்தது, அவர் வானுலகு பெற்றது ஆகிய மூன்றையும் அடக்கிவிடுகின்றார். தத்தன் அவனை அழைத்துக்கொண்டு நடந்த நடை அங்கே இல்லை. அந்த நடையை விரித்துரைத்தவர் சேக்கிழாரே.

திருக்கோவலூரை ஆண்ட மன்னரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சடைமுடியும் திருநீறும் புனைந்து, புத்தகக் கட்டினுள் படையை மறைத்துக்கொண்டு இரவில் வருகின்றான். வாயில் காப்போர் யாவரும் வேடத்தை வணங்கி வழிவிடுகின்றனர். உள்வாயிலில் நின்ற தத்தன் ஒருவனே, மன்னர் உறங்கும் நேரம் இது, காலமறிந்து வருதல் வேண்டும் என்று தடுக்கின்றான். அரண்மனை முழுவதிலும் ஐயுற்றவன் அவன் ஒருவனே என்பது நோக்கத்தக்கது. பின்னர்க் கொலை நிகழ்ந்ததும் வாளோடு பாய்ந்தவனும் அவனே. அவனிடமே மன்னர் அப்பகைவனை ஒப்படைத்து, யாரும் ஊறு செய்யாவண்ணம் கொண்டுபோய் விடுக என்கின்றார். தடுத்தவனே வழித்துணையாகின்றான். இம்முரணைச் சேக்கிழார் எங்கும் எடுத்துப் பேசவில்லை. காட்சிகளை அடுக்கி வைத்துவிட்டு விலகி நிற்கின்றார்.

ஊரார் செய்தியறிந்து நாற்புறமும் திரண்டு கொலைஞனைக் கொல்ல வளைக்கின்றனர். தத்தன் மன்னரின் ஆணையை எடுத்துரைத்து அவர்களை விலக்குகின்றான். மக்கள் நடமாட்டமற்ற காடு வரை சென்று விட்டுத் திரும்புகின்றான். அந்தச் செய்தியைக் கேட்பதற்காகவே மன்னர் உயிரைத் தாங்கிக் காத்திருக்கின்றார். இத்துணை நிகழ்ச்சியிலும் தத்தன் அவனை மனத்தால் மன்னித்தான் என்று ஒரு சொல்லும் இல்லை. கொலைஞனும் வழியில் வாய் திறக்கவில்லை. பக்தி நூல் என்ற ஒரே பார்வையில் படிப்போர்க்கு இம்மௌனம் புலப்படாது.

சட்டத்தின் கண்ணில் தத்தன் யார்? 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 212ஆம் பிரிவு குற்றவாளிக்குப் புகலிடம் அளித்தலைத் தனிக் குற்றமாக வகுத்தது. மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண்ணில் அப்பிரிவு உள்ளது. கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ ஒளித்து வைத்தால் அப்பிரிவு அவர்களைத் தீண்டாது. வீட்டுக்குள் புகச் சட்டமே தயங்கிய இடம் அது. முன்னாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் கொல்லப்பட்ட பின், கொலையை முன்னின்று நடத்திய சிவராசன் டாங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் சென்று, ஆகஸ்டு மாதம் கோணனகுண்டேயில் முற்றுகையிடப்பட்டு மாண்டதை நாடறியும். 1998இல் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களுள் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்தினின்று விடுவித்தது. அவர்களுட் சிலர்மீது புகலிடம் தந்த குற்றம் போன்ற சிறு குற்றங்களே நிலைத்தன. கொன்றவனும் கதவைத் திறந்தவனும் ஒருவரல்லர் என்பதைப் பிரித்துணர எட்டாண்டு ஆயிற்று.

தமிழில் அரசியற் கொலை பற்றிய கதைகள் இந்தப் பிரிவினையைச் செய்துள்ளனவா? மணியாச்சி வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1911 ஜூன் 17 அன்று நெல்லை ஆட்சியர் ஆஷ், மணியாச்சி நிலையத்தில் ரயில் பெட்டிக்குள் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அங்கேயே தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். உடன் வந்தவர் தப்பியோடினார். அவர் ஒட்டப்பிடாரம் மாடசாமி எனப் போலீசார் தேடினர். அவர் அகப்படவே இல்லை. அவரையன்றி 14 பேர்மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை கிடைத்தது. தேடுதலின்போதே தற்கொலை செய்துகொண்டோரும் உளர்.

மேடைப் பேச்சிலும் பாட நூலிலும் இக்கதை துப்பாக்கி வெடித்ததோடு நின்றுவிடும். வாஞ்சியின் சட்டைப்பையிலிருந்த கடிதம் பேசப்படும். அதிலும் சனாதனத்தின் குரல் ஒலிக்கும் பகுதியை விடுத்துச் சுதந்திர முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. அது வேறோர் ஆராய்ச்சிக்கு உரியது. நிலையத்தினின்று ஓடிய மாடசாமிக்கு அன்றிரவு சோறிட்டவர் யார், பாய் விரித்தவர் யார், அவர்தம் மனைவியர் என்ன சொன்னார்கள் என்ற வினாக்கள் எழவில்லை.

ம.பொ.சி.யின் நூலைத் தழுவி 1961இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படம் மாடசாமியை மறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவரை ஜெமினி கணேசனாக்கி, சாவித்திரியைக் காதலியாக்கி, பாரதியாரின் கண்ணம்மாப் பாடலொன்றையும் இருவருக்கும் அளித்தது. பாடல் இனிமையானது, மறுப்பார் இலர். எனினும் பிடிபடாத ஒரு மனிதரின் வாழ்வில் இருந்த அச்சமும் அவருக்குக் கதவு திறந்தோரின் நடுக்கமும் அந்த இனிமையில் கரைந்துபோயின. படத்தின் பிற சிறப்புகளை எத்துணை பாராட்டினும் இக்குறையைச் சொல்லாமல் விடுதல் திறனாய்வாகாது.

சேக்கிழாரிடம் மட்டும் குறை இல்லையோ எனின், உண்டு. தத்தனுக்கு மன்னரின் ஆணை இருந்தது. முடிவெடுக்கும் சுமையை மன்னரே ஏற்றுக்கொண்டார். நள்ளிரவில் கதவு தட்டப்படும் சாதாரணக் குடியானவனுக்கு அத்தகைய ஆணை ஏதும் இல்லை. வந்தவன் உறவினனாயிருக்கலாம், கொள்கைத் தோழனாயிருக்கலாம், பசித்தவனாக மட்டும் இருக்கலாம். என்ன செய்தான் என்று கேட்காமலே சோறிடுவோரும் உண்டு. கேட்டறிந்த பின்னும் இடுவோரும் உண்டு. இவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டப் புராணம் போதாது. புதினம் வேண்டும்.

மலேசியத் தமிழர்க்கு அந்தப் புதினத்தின் கரு தொலைவில் இல்லை. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசர காலத்தில் காட்டிலிருந்தோர்க்கு உணவளித்தல் குற்றமாயிற்று. தோட்டத்து மக்கள் பலர் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். லயத்து வாசலில் இருட்டில் வந்து நிற்பவனுக்கு அரிசி கொடுத்தால் போலீசார்க்கு அஞ்சவேண்டும்; கொடாவிட்டால் வந்தவனுக்கே அஞ்சவேண்டும். புக்கிட் காத்திலிலோ பிற மலாக்கா ஊர்களிலோ பயிலும் மாணாக்கர் தம் பாட்டிமாரிடம் கேட்டால் இதுபற்றி ஏதேனும் ஒரு செய்தி கிடைக்கக்கூடும். மெய்ப்பொருள் நாயனார் புராணத்தை நடத்தும் நாளில் தத்தன் காட்டுக்குச் சென்று மீண்ட செய்யுள்களையும் விடாது படித்துக்காட்டி, மாணாக்கரை அதன்பின் வீட்டுக்கு அனுப்பிக் கேட்டுவரச் செய்யலாம். வயதான பாட்டிமார் எல்லாரும் உடனே சொல்லிவிடமாட்டார்கள்.