பிரம்பு நாற்காலியை எப்படி ரசிப்பது?

நாற்காலி வாங்கப் போகிறவர்கள் பிரம்பைக் கண்டதும் 'தாத்தா காலத்துச் சமாச்சாரம்' என்று நகர்ந்து, நேரே ரெக்சின் சோபாவில் போய் விழுகிறார்கள். சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும் சோபாவுக்கு மாதத் தவணை கட்டுகிற ஊரில், அடியிலிருந்து காற்று ஏறிவரும் இருக்கையைச் சீந்த ஆளில்லை. எனக்கு ஆறவே இல்லை.

அடிப்படையைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பிரம்பு பனைக் குடும்பத்துக் கொடி. மூங்கில் உள்ளே கூடு, பிரம்பு கெட்டி. அதன் வழவழப்பான மேல்தோலைச் சீவிய பட்டையால்தான் இருக்கை பின்னுகிறார்கள். சாப்பாட்டு மேசைக்கு நிமிர்ந்தது, படிக்கக் கை வைத்தது, மதியத் தூக்கத்துக்கு ஈஸி சேர். வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறே பாகங்கள், பத்துத் திருகுகள், இரண்டு நட்டுகள், இருக்கை பிரம்பு. இவ்வளவு போதும்.

இனிதான் விஷயம். கையால் பின்னியதா, மெஷினில் நெய்து சுருளாக வந்த வலையா? இது தெரியாமல் பிரம்பைப் பற்றிப் பேசவே கூடாது.

கைப்பின்னலில் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை இருக்கும். நனைத்த பட்டையை நெடுக்கில் இரண்டு முறை, குறுக்கில் இரண்டு முறை, மூலைவாட்டில் இரு பக்கமும் ஒவ்வொரு முறை இழுத்துப் பின்னுவார்கள். எட்டுப் பக்கக் கண்கள் பிறக்கும். காயக் காயப் பட்டை இறுகும். சுருள் வலையிலும் அதே கண்கள்தான். ஆனால் அங்கே துளை கிடையாது. சட்டத்தில் காடி வெட்டி, வலையின் ஓரத்தை அதில் திணித்து, பசை தடவி, மேலே ஒரு பிரம்புக் கீற்றை அடித்துவிடுவார்கள். முதலாவதில் உங்கள் எடையைச் சட்டம் தாங்குகிறது. இரண்டாவதில் பசையும் அந்தக் கீற்றும். வட்ட இருக்கையில் இன்னும் தெளிவாகத் தெரியும். கைப்பின்னல்காரர் எந்த இழை எந்தத் துளையில் முடியவேண்டும் என்று வளைவைப் பார்த்து முடிவுசெய்கிறார். சுருள் வலையில் வளைவு வந்த இடத்தில் கத்தரி விழுகிறது. பார்வையற்றோருக்குத் தொழிலாகவே கற்றுக்கொடுக்கப்படும் பின்னல் இது. விரல் அறிகிற நுட்பத்தைக் கண்ணிருக்கிற நாம் கவனிப்பதில்லை.

அலங்கார இதழ்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. சண்டிகருக்காக பியேர் ஜானெரே 1950-களில் வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் அலுவலகக் கிடங்குகளில் உடைந்து கிடந்தபோது எழுதாதவர்கள், வெளிநாட்டு ஏலத்தில் விலை ஏறியதும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். விலையைப் பார்த்து வந்த ரசனை மேலோட்டமானது. பிரம்பு நிறத்தில் பிளாஸ்டிக் பட்டை சுற்றிய பால்கனி நாற்காலியைப் புகழ்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். இருக்கை தொய்ந்துவிட்டதென்று தூக்கிப் போடாதீர்கள். இழை அறுந்திராவிட்டால், கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தில் ஈரத்துணியைப் போடுங்கள். மேல்பக்கத்து வழவழப்பு தண்ணீரைக் குடிக்காது, அடிப்பக்கம் குடிக்கும். இரவு முழுக்க யாரும் உட்காராமல் காயட்டும், பெரும்பாலும் இறுகிவிடும். கடையிலும் கூச்சப்படாமல் நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். துளை தெரிந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். பின்னியவருடைய கூலி அதில் இருக்கிறது.