வெயிலுக்கு வந்த பில்

ஒரு புத்தகம், ஒரு படம். இரண்டுக்கும் நடுவே 38 வருஷம். புத்தகம், டிக்சன் டெஸ்போமியர் 2010இல் எழுதிய ‘தி வெர்ட்டிகல் ஃபார்ம்’. படம், டக்ளஸ் ட்ரம்புல் 1972இல் இயக்கிய ‘சைலண்ட் ரன்னிங்’. புத்தகம் எழுதியவர் பேராசிரியர், எண்களோடு பேசுகிறவர். படம் எடுத்தவர் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் செய்தவர், விண்வெளிக் கப்பலில் காடு வளர்க்கிற கதையைச் சொல்கிறவர். கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகச் செடி வளர்ப்பதைப் பற்றி இந்த இரண்டில் எது உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று கேட்டால், நான் படத்தைத்தான் சொல்வேன்.

முதலில் புத்தகத்துக்கு நியாயம் செய்துவிடலாம். டெஸ்போமியர் விவசாயி இல்லை, கட்டடக் கலைஞரும் இல்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். 1999இல் அவருடைய மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். மன்ஹாட்டன் மொட்டைமாடிகளில் பயிர் வைத்தால் அங்கே வாழ்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சோறு போடலாம்? விடை சுமார் 2 சதவீதம். அந்த விடையிலிருந்துதான் யோசனை கிளம்பியது. மாடி போதாதா, சரி, மாடிக்குக் கீழே இருக்கும் தளங்களையும் எடுத்துக்கொள்வோம்!

இதற்குப் பின்னால் இருக்கும் ஆசையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. உணவைக் கட்டடத்துக்குள் கொண்டுபோய்விட்டால் வயல்களைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் டெஸ்போமியர். பூச்சிமருந்து ஆற்றில் கலக்காது, வெள்ளமோ வறட்சியோ அறுவடையைத் தொடாது. இதைப் படிக்கிறபோது நமக்கும் மனசு இளகும். எனக்கும் இளகியது. புத்தகம் ஜெயிக்கிற இடம் அதுதான். அது ஒரு பிராயச்சித்தத்தின் கதை. மண்ணை இவ்வளவு காலம் கசக்கிவிட்டோம், இனி அதைச் சும்மா விடுவோம் என்கிறது.

ஆனால் கதை என்று சொன்ன பிறகு கதையிடம் கேட்கும் கேள்வியையும் கேட்கணும். இந்தக் கதையில் யார் இல்லை? முதலில் இல்லாமல் போவது சூரியன். அதற்குப் பதிலாக விளக்கு வருகிறது. விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? கழிவை எரித்து எடுக்கலாம் என்பது போன்ற யோசனைகள் புத்தகத்தில் உண்டு. ஆனால் அவை பொறியாளர்கள் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையாக ஓரத்தில் நிற்கின்றன. கதையின் மையத்துக்கு அவை வருவதே இல்லை.

கணக்கில் அதுதான் மையம். செடி தன்மேல் விழும் ஒளியில் சில சதவீதத்தைத்தான் உணவாக மாற்றிக்கொள்கிறது. மீதியில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். வயலில் இதை யாரும் கவலைப்பட்டுப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வெயில் ஓசி. மூடிய அறைக்குள் ஒவ்வொரு ஒளித்துளிக்கும் காசு. அது வெப்பமான பிறகு வெளியேற்ற ஏசி ஓடணும், அதற்கும் காசு. இலைகள் விடும் ஈரத்தைக் காற்றிலிருந்து எடுக்க இன்னொரு இயந்திரம், அதற்கும் காசு. திறமையாக நடக்கிற பண்ணையிலேயே ஒரு கிலோ லெட்டூஸுக்குச் சுமார் 10 யூனிட் மின்சாரம் ஆகிறது. அந்தக் கிலோவில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர்.

தானியம் வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். 2020இல் ஓர் ஆய்வுக் குழு கோதுமையை வைத்துக் கணக்கிட்டது. ஒரு ஹெக்டேர் பரப்பில் பத்து அடுக்குப் போட்டால் வருஷத்துக்கு 700 டன் எடுக்க வாய்ப்புண்டு. அது உலக வயல்களின் சராசரியைவிட 200 மடங்குக்கும் மேல். கேட்டாலே தலை சுற்றும். ஆனால் மின்செலவை வைத்துப் பார்த்தால் இது சந்தையில் நிற்காது என்று அதே ஆய்வாளர்கள் அதே கட்டுரையில் எழுதினார்கள். அதனால்தான் இந்தப் பண்ணைகளில் நெல்லும் கோதுமையும் தென்படுவதில்லை. லெட்டூஸ், துளசி வகைகள், இளங்கீரை, இவைதான் அதிகம். சீக்கிரம் வளரும், உயரமாகப் போகாது, விலை அதிகம். டெஸ்போமியர் புத்தகத்தின் துணைத்தலைப்பு 21ஆம் நூற்றாண்டில் உலகத்துக்கே உணவு கொடுப்பதைப் பற்றிப் பேசியது. தட்டுக்கு வந்தது சாலட்.

புத்தகம் கனவு கண்டது கண்ணாடிக் கோபுரங்களை. நிஜத்தில் எழுந்தவை பெரும்பாலும் ஜன்னல் இல்லாத குடோன்கள். இந்த வித்தியாசத்தை இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜப்பானின் ஸ்ப்ரெட் நிறுவனம் கியோட்டோ பக்கத்தில் கெய்ஹான்னாவில் 2018இல் திறந்த பண்ணை, ஒரு நாளைக்கு 30,000 லெட்டூஸ் என்ற அளவுக்குக் கட்டப்பட்டது. நாற்றுத் தட்டுகளை அடுக்குகளுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் கிரேன்கள். பெரிய சரக்குக் கிடங்குகளில் பெட்டிகளைக் கையாளும் அதே வகைக் கிரேன்கள்தான். நார்வேயில் 1996இல் பிறந்த ஆட்டோஸ்டோர் முறை இன்னும் ஒரு படி மேலே போனது. நடுவே நடக்கப் பாதையே விடாமல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். மேலே கட்டம் கட்டமாகத் தண்டவாளம். அதில் ஓடும் ரோபோக்கள் வேண்டிய பெட்டியைக் கீழேயிருந்து தோண்டி எடுத்துக் கொடுக்கும். கடைச் சரக்குக்காகச் செய்த ஏற்பாடு இது. அதே கட்டத்துக்குள் செடி வளர்க்கும் பண்ணை ஒன்றும் 2025இல் அரிசோனாவில் வந்துவிட்டது.

கிடங்கு என்பது காத்திருக்கும் பொருளுக்கான இடம். உள்ளே போன சோப்பு சோப்பாகவே வெளியே வரணும். நடுவில் காலமே நடக்காத மாதிரி இருக்கணும். வயல் இதற்கு நேர் எதிர். அங்கே காலம்தான் வேலை செய்கிறது. போட்டது ஒன்று, எடுப்பது வேறொன்று. கிடங்கின் இலக்கணத்தை எடுத்துச் செடிக்குப் போடும்போது, காத்திருப்பதாலேயே மாறுகிற ஓர் உயிரை, மாறாமல் காத்திருக்கும் சரக்குக்காகக் கட்டிய கூட்டில் வைக்கிறோம். வேர் அழுகலாம், பூஞ்சை வரலாம், ஒரு தட்டில் வந்தது சுற்றும் தண்ணீர் வழியே எல்லாத் தட்டுக்கும் போகலாம். சோப்புக்கு இதெல்லாம் கிடையாது.

இந்த இடத்தில்தான் ‘சைலண்ட் ரன்னிங்’ எனக்கு உதவுகிறது. கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பூமியில் செடிகொடி எதுவும் மிச்சமில்லை. கடைசிக் காடுகள் விண்வெளிக் கப்பல்களோடு இணைத்த கண்ணாடிக் குமிழிகளில் வளர்கின்றன. ஒருநாள் உத்தரவு வருகிறது. குமிழிகளை வெடித்துத் தள்ளிவிட்டுக் கப்பல்கள் வணிக வேலைக்குத் திரும்ப வேண்டும். கவனியுங்கள், அவை சரக்குக் கப்பல்கள். காடு அங்கே ஒரு லோடு. லோடு மாற்றச் சொல்லி மேலிடம் சொல்கிறது, அவ்வளவுதான். தாவரவியலாளர் லோவெல் (புரூஸ் டெர்ன்) மறுக்கிறான். சக ஊழியர்கள் மூன்று பேரும் அவனால் சாகிறார்கள். மிஞ்சிய ஒரு குமிழியோடு சனிக்கோளின் வளையங்களைத் தாண்டி ஓடுகிறான்.

படத்தில் குறைகள் இருக்கின்றன. செத்த மூன்று பேரும் கோகார்ட் ஓட்டிக் கும்மாளமடிக்கும் மொண்ணைகளாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக நாம் அழக்கூடாது என்று திரைக்கதை முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறது. இது கொஞ்சம் அழுகுணித்தனம். ஜோன் பாயஸின் குரல் வருகிற இடங்களில் காடு காலண்டர் படம் ஆகிவிடுகிறது. இயற்கையை நேசிக்கிறவன் கொலை செய்தால் அது கொலை இல்லையா என்ற கேள்வியை லோவெலின் குற்றவுணர்ச்சி தொடுகிறது. படம் அதோடு போதுமான நேரம் உட்காரவில்லை.

ஆனால் ஒரு இடம் இருக்கிறது. ஓடிப்போன பிறகு காடு வாட ஆரம்பிக்கிறது. லோவெல் மண்ணைப் பார்க்கிறான், இலையைப் பார்க்கிறான், புரியவில்லை. கடைசியில்தான் உறைக்கிறது: சூரியனைவிட்டு ரொம்ப தூரம் வந்துவிட்டோம், வெளிச்சம் இல்லை. ஒரு தாவரவியலாளனுக்கு இது தெரியாதா என்று படத்தைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. அது லாஜிக் ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் படத்தின் மிக உண்மையான காட்சி அதுதான் என்பேன். செடியைக் காப்பாற்றப் புறப்பட்டவனே மறந்துவிடக்கூடிய பொருள் வெயில். எப்போதும் இருந்ததால், விலை இல்லாததால், அது கணக்கிலேயே வராமல் போகிறது. புத்தகம் ஓரத்தில் வைத்ததைப் படம் ஒரு மனிதனின் மறதியாக நம் முன்னால் வைக்கிறது.

இன்னொரு விஷயம். படத்தில் ஹியூயி, டியூயி, லூயி என்று மூன்று குட்டி ரோபோக்கள் வரும். பெட்டி மாதிரி உடம்பு, தத்தித் தத்தி நடை. லோவெல் அவற்றுக்கு மரம் நடக் கற்றுக்கொடுப்பான், சீட்டாடச் சொல்லித் தருவான். அந்த நடையில் எப்படி அவ்வளவு உயிர் இருக்கிறது? உள்ளே இருந்தது மனிதர்கள். கால்களை இழந்த நடிகர்கள் நான்கு பேர், கைகளால் நடந்து அந்த ரோபோக்களை இயக்கினார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘தானியங்கி’ என்ற சொல்லைப் பழையபடி வாசிக்க என்னால் முடியவில்லை. தானாக இயங்குகிறது என்று எழுதும்போதெல்லாம் உள்ளே யார் என்று கேட்கத் தோன்றுகிறது. அடுக்குப் பண்ணையிலும் கிரேன் தானாக ஓடலாம். விதை போடுகிற, தட்டு கழுவுகிற, நோய் வந்த இலையைக் கண்டுபிடித்துக் கிள்ளுகிற கைகள் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் அவை வருவதில்லை.

திணை படித்தவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு மொழி கைவசம் உண்டு. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறோம். மரமும் பூவும் விலங்கும் கருப்பொருள், முதற்பொருளிலிருந்து வருபவை. அடுக்குக் கிடங்கு முதற்பொருளைக் கழித்துவிட்டுக் கருப்பொருளை மட்டும் கேட்கிறது. அங்கே கார்காலம் இல்லை, வைகறை இல்லை. விளக்கு எப்போது எரிகிறதோ அதுதான் பகல், பெரும்பாலும் மின்கட்டணம் குறையும் இரவு நேரம். கழித்த முதற்பொருள் எங்கேயும் போய்விடவில்லை. மாதக் கடைசியில் மீட்டர் அளவாகத் திரும்பி வருகிறது.

அது திரும்பி வந்தபோது என்ன ஆனது என்பது சமீபத்திய வரலாறு. 2022இல் ஐரோப்பாவில் மின்விலை எகிறியதும் பெர்லினின் இன்ஃபார்ம் நிறுவனம் ஆட்களைக் கும்பலாக வேலையிலிருந்து அனுப்பியது. அமெரிக்காவில் ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டது. பவரி 2024இல் கடையை மூடியது. பிளென்டி 2025இல் திவால் மனு போட்டது. இதையெல்லாம் பட்டியல் போட்டுச் சிரிப்பது சுலபம். எனக்கு அதில் ருசி இல்லை. போன வேலைகள் நிஜ மனிதர்களுடையவை, போன ஆசையும் நல்ல ஆசைதான்.

நண்பர் ஒருவர் கேட்டார்: “முதல்ல வந்த கம்ப்யூட்டரையும் இப்படித்தானே சொல்லியிருப்பீங்க?” இருக்கலாம். எல்இடி விளக்குகள் வருஷா வருஷம் தேறித்தான் வந்திருக்கின்றன. இந்த முறை மிகச் சரியாகப் பொருந்திய இடங்களும் உண்டு. அண்டார்டிகாவில் ஜெர்மனியின் நியூமேயர் நிலையத்துக்குப் பக்கத்தில் 2018இல் ஒரு கண்டெய்னரை வைத்துக் காய்கறி வளர்த்தார்கள். சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டாத குளிர்காலம். அங்கே தங்கியிருந்தது பத்துப் பேர். ஒன்பதரை மாதத்தில் 268 கிலோ கிடைத்தது. அங்கே யாரும் வெயிலை மறக்கவில்லை. வெயில் இல்லை என்று தெரிந்துதான் விளக்கு போட்டார்கள், செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கதை எனக்குப் பிடிக்கிறது, ஏனென்றால் அதில் இல்லாதவர்கள் யாரும் இல்லை. வெறுங்கனவுக்கும் பொறுப்புள்ள கனவுக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.

எதிர்காலக் கதை எழுத உட்காரும் நண்பர்களிடம் ஒன்று கேட்பேன். பச்சை வழியும் கோபுரத்தை முதல் வரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது இப்போது எல்லோரிடமும் இருக்கும் ரெடிமேட் செட். அந்தக் கோபுரத்தில் கரண்ட் போகும் ராத்திரியை எழுதுங்கள். பில் யார் பெயருக்கு வருகிறது என்று எழுதுங்கள். நைட் ஷிஃப்டில் தட்டு கழுவுகிறவருக்கு ஊதா வெளிச்சத்தில் தன் கைகள் என்ன நிறத்தில் தெரிகின்றன என்று எழுதுங்கள்.

‘சைலண்ட் ரன்னிங்’ அப்படி ஒரு படத்தில்தான் முடிகிறது. லோவெல் குமிழிக்குள் விளக்குகளைப் பொருத்துகிறான். டியூயியை அதற்குள் விட்டுக் குமிழியைக் கப்பலிலிருந்து பிரித்து அனுப்புகிறான். பிறகு கப்பலோடு தன்னையும் வெடித்துக்கொள்கிறான். இருட்டில் மிதந்து போகும் காட்டுக்குள் டியூயி மட்டும் ஒரு பழைய பூவாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறது. அந்த விளக்குகள் எவ்வளவு நாள் எரியும் என்று படம் சொல்வதில்லை. நாம் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டே அந்தக் காட்டை நேசிக்கவும் முடியும்.