பாஞ்சாலங்குறிச்சி முதல் வேலூர் வரை: கர்னல் அக்னியூவின் பணிவரலாறு பற்றிய ஒரு மதிப்பீடு

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றைப் பயில்வார்க்குக் கர்னல் அக்னியூ என்னும் பெயர் புதிதன்று. வேலூர்ப் புரட்சியைப் பயில்வார்க்கும் அப்பெயர் புதிதன்று. ஆயினும், 1801-இல் பாஞ்சாலங்குறிச்சியைக் கைப்பற்றியவரும், 1806-இல் சென்னைப் படையின் அட்ஜுடண்ட் ஜெனரலாக இருந்து சிப்பாய்களின் கோலத்தை மாற்றும் விதிகளை வகுத்தோருள் ஒருவரும் அவரே என்னும் செய்தி உரிய இடம் பெறவில்லை. இக்குறை நேர்ந்தது எவ்வாறு, இதனால் நாம் இழப்பது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் 1801-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை நோக்குவோம். அவ்வாண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் ஊமைத்துரையும் அவர்தம் தோழரும் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பினர். இடிக்கப்பட்டுக் கிடந்த மண்கோட்டை சில நாள்களில் மீண்டும் எழுந்தது. மார்ச்சு 31-இல் மேஜர் மெக்காலே நடத்திய தாக்குதல் பேரிழப்புடன் தோற்றது. பின்னர்த் தலைமையேற்ற அக்னியூ, பெரும்படையும் பீரங்கிகளும் கொண்டு மே 24-இல் கோட்டையைப் பிடித்தார். அக்டோபர் 24-இல் மருது சகோதரரும், நவம்பர் 16-இல் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர்.

இப்போரை நமக்கு விரித்துரைக்கும் முதன்மைச் சான்று, அதிற் பங்குகொண்ட ஜேம்சு வெல்சு 1830-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளே. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி வரலாறும் இப்பகுதியில் வெல்சின் வாக்கையே பெரிதும் தழுவுகின்றது. பேச இயலாத ஊமைத்துரையின் கைச்சாடை ஒன்றே மக்களுக்குக் கட்டளையாய் அமைந்ததென்று பகைவரே வியந்து கூறிய செய்தியை அழியாமற் காத்த பெருமை கால்டுவெல்லுக்கு உரியது. ஆயின், அந்நூல் சீமை ஆங்கிலேயர்க்கு உரிமையான 1801-ஆம் ஆண்டோடு நிறைவுறுகின்றது. அதனால் அக்னியூ அதில் வெற்றியாளராகவே விடைபெறுகின்றார். நூலாசிரியர் தமக்கு எல்லை வகுத்துக்கொண்டது குற்றமன்று. அவ்வெல்லையையே ஒருவரது வாழ்க்கையின் முடிவாகக் கொள்ளும் நம் வழக்கமே குற்றமாம்.

அட்ஜுடண்ட் ஜெனரல் பதவி வாளினும் தாளால் நடைபெறுவது. ஆணைகளை வெளியிடுதல், ஒழுங்கு, பயிற்சி, உடை ஆகியவற்றைக் கண்காணித்தல் அதன் கடமைகள். ஆங்கிலேயப் படையில் ஒருமை காணும் வேட்கை அன்று ஓங்கியிருந்தது. தோற்குஞ்சம் பொருந்திய புதிய தலைப்பாகை புகுத்தப்பட்டது. நெற்றிக்குறியும் கடுக்கனும் விலக்கப்பட்டன. தாடி மழிக்கப்பட வேண்டும் என விதிக்கப்பட்டது. 1806 மே மாதத்திலேயே வேலூர்ச் சிப்பாய்கள் தலைப்பாகையை மறுத்தனர். அவருள் இருவர்க்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. சூலை 10-இல் புரட்சி வெடித்தது. அதன் விளைவாகப் படைத்தலைவர் கிரடாக்கும் ஆளுநர் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். அக்னியூவும் அவருக்கு அடுத்த நிலையினரான மேஜர் பியர்சும் இங்கிலாந்துக்குத் திரும்புமாறு பணிக்கப்பட்டனர்.

பழி முழுவதையும் அக்னியூ ஒருவர்மீது சுமத்துதல் நேர்மையன்று. விதிகள் கிரடாக்கின் இசைவு பெற்றவை. வேலூர்க் கோட்டையில் திப்புவின் மைந்தர் இருந்தமையும் காரணங்களுள் ஒன்றாக எண்ணப்படும். எனினும், ஒன்று மறுக்கவொண்ணாதது. சொல்லின்றி ஒரு சாடையால் மக்களை இயக்கிய தலைவரை எதிர்த்துப் போரிட்டவர் அக்னியூ. குறி என்பது இம்மக்களுக்கு எத்துணை ஆற்றலுடையது என்பதை அவர் களத்திலேயே கண்டிருத்தல் வேண்டும். ஐந்தாண்டுகளில் நெற்றிக்குறியை வெறும் உடைப்பொருளாக எண்ணிய அலுவலகத்தின் தலைவராக அவரைக் காண்கின்றோம். கோட்டையைப் பிடித்தமை கொண்டு நாட்டை அறிந்தமை ஆகாது என்பதற்கு இப்பணிவரலாறு சான்றாகும்.

இக்கதை மீண்டும் பொருநைக் கரைக்கே வருகின்றது. 1806 நவம்பரில் பாளையங்கோட்டைப் படைக்குத் தலைவராக இருந்தவர் முன்னர்க் கூறிய வெல்சே. வேலூர் நிகழ்ச்சி விளைத்த அச்சத்தால், தம் முசுலிம் சிப்பாய்களின் படைக்கலங்களைப் பறித்து அவர்களைக் கோட்டையினின்று வெளியேற்றினார். இதற்காகப் படைநீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு, குற்றமற்றவர் எனத் தீர்ப்புப் பெற்றார். பகைவரின் பெருமையை மனமுவந்து பாராட்டிய அவ்வெழுத்தாளரே தம் படைவீரரை நம்ப இயலாத நிலைக்கு வந்தமை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

கதைப்பாடல்களைக் கற்பனையென ஒதுக்கி, ஆங்கிலேயர் குறிப்புகளை மெய்யெனக் கொள்ளும் ஆராய்ச்சியாளர் உளர். கதைப்பாடலில் மிகையுண்டு என்பது உண்மையே. ஆனால், ஊமைத்துரையின்பால் மக்கள் கொண்ட பற்றினைப் பொறுத்தமட்டில் பாடலும் வெல்சும் ஒத்தே நிற்கின்றனர். ஆணைத்தாள்கள் காணத் தவறியது அப்பற்றினைத்தான். எனவே, மாவட்ட எல்லையும் ஆண்டெல்லையும் கடந்து, பாடலையும் நினைவுக் குறிப்பையும் படையாணையையும் ஒருங்கு வைத்துக் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்பார்க்கே அக்னியூவின் பணிவரலாறு முழுமையாகப் புலப்படும் என்பது எம் துணிபு.