மந்தர ஸ்தாயியில் ஒரு வாழ்வு: சித்தூர் வி. நாகையா

பண்டைத் தமிழிசை நூலோர் குரலின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். இம்மூன்றில் வலிவுக்கே நம் நாடக மேடை மாலை சூட்டி வந்தது. அதற்குக் காரணமும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத நாளில், கொட்டகையின் கடைசியில் மண்தரையில் அமர்ந்திருப்பவன் காதுக்கும் பாட்டு எட்ட வேண்டுமாயின், நடிகன் உச்ச ஸ்தாயியில் நின்றே தீர வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அவ்வாறு எழுந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் பி.யு. சின்னப்பாவும் அந்தப் பயிற்சியோடுதான் திரைக்கு வந்தனர். கனத்த, அடங்கிய சாரீரம் படைத்தவனுக்கு அவ்வுலகில் என்ன இடம் இருந்திருக்கும்? அந்த இடத்தைத் தாமே உண்டாக்கிக் கொண்டவர் சித்தூர் வி. நாகையா என்பது நம் கருத்து.

இக்கட்டுரையைத் தொடங்கியதும் நண்பர் ஒருவர், "தமிழ்ச் சங்க மலரில் தெலுங்கரைப் பற்றி எதற்கு ஐயா?" என்று வினவினார். நியாயமான வினாவே. பாலசமுத்திரத்தில் வாழும் நமக்குத் தமிழக எல்லை கூப்பிடு தூரம். வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, அலுவலகக் கோப்பில் மூன்றாவது மொழி என்று காலம் தள்ளுகிறோம். இரு மொழியாரும் ஒருசேர அழுது பார்த்த ஒரு கலைஞரை நாம் எழுதாமல் யார் எழுதுவது? நண்பர் முழுவதும் ஒப்பவில்லை; எழுதிக் காட்டும் என்றார்.

ஐரோப்பியரின் ஆபரா என்னும் இசை நாடகத்தில், ஆண்குரலுள் மிகத் தாழ்ந்ததைப் 'பேஸ்' என்பர். அங்கே காதலனுக்குரிய பாட்டு பெரும்பாலும் உயர்ந்த குரலுக்குப் போய்விடும். தாழ்ந்த குரலுக்கு மன்னன், மதகுரு, தந்தை, சில வேளை சாத்தான் ஆகிய வேடங்கள் வாய்க்கும். ருஷ்ய நாட்டு ஷாலியாபின் (1873–1938) அக்குரலைக் கொண்டே குற்றவுணர்வில் குமையும் மன்னன் போரிஸ் கொதுனோவாகவும், 'ஃபாவுஸ்ட்' நாடகத்தின் சாத்தானாகவும், பித்தன் டான் குயிஹோட்டேயாகவும் உலகை ஆண்டார். நாகையாவின் வேடங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது நமக்கு வியப்பே மேலிட்டது. அசோகச் சக்கரவர்த்தி, மேவாரின் ராணா, போதனர், தியாகையர், வேமனர், தசரதன்: மன்னனும் அடியவனும் தந்தையுமே எங்கும் நிற்கின்றனர். ஆபராவை அறியாத நம் தென்னாடு, அதே குரலுக்கு ஏறத்தாழ அதே பங்கைத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

1904 மார்ச் 28 அன்று குண்டூர் மாவட்டத்து ரேபல்லேயில் பிறந்தவருக்குச் சித்தூர் எவ்வாறு முன்னொட்டாயிற்று? இவ்வூர் ராம விலாச சபையின் நாடகங்களில் நடித்துப் பெயர் பெற்றமையால் ஊர் பெயரோடு ஒட்டிக் கொண்டது. 1938இல் எச்.எம். ரெட்டியின் 'கிருகலட்சுமி' வழியே திரைக்கு வந்தார். கள்ளை விடுங்கள் என்று மக்களை வேண்டும் அப்படத்துப் பாட்டு ஆந்திரமெங்கும் பரவிற்று. பின்னர் வாஹினியில் பி.என். ரெட்டியின் 'வந்தே மாதரம்' (1939), 'சுமங்கலி' (1940), 'தேவதா' (1941) ஆகியவை வந்தன.

எனினும் அவரது குரலின் உண்மையான வீடு பக்தர் கதைகளே. 'போதனா', 'தியாகய்யா' (1946), 'யோகி வேமனா' (1947) என்னும் மூன்றையும் சேர்த்துக் கேட்பவருக்கு ஒன்று புலனாகும். ஒலிவாங்கி என்னும் கருவியின் தருமத்தை நம்மவருள் முதலில் உணர்ந்தவர்களுள் நாகையா ஒருவர். அதன் முன் கத்த வேண்டியதில்லை. அது அருகில் வந்து கேட்கும் காது. மேடைப் பாடகன் இறைவனை ஊரறிய அழைக்கிறான். நாகையாவோ பூசையறைக் கதவைச் சாத்திக் கொண்டு தமக்குள் பேசுவதைப் போலப் பாடுகிறார். சங்கதிகளை அடுக்குவதில்லை, சொல் முறிவதில்லை, கீழே இறங்கும் இடங்களில் குரல் தேய்ந்து போகாமல் தடித்து நிற்கிறது. தியாகையரின் கிருதிகளில் வித்வத்தை மட்டும் தேடுவோர்க்கு இது போதாது என்று தோன்றலாம். வறுமையில் உஞ்சவிருத்தி எடுத்த ஒரு மனிதர் அவற்றைப் பாடினார் என்பதை நினைவிற் கொண்டால், போதும் என்றே தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. 'தியாகய்யா'வைத் தாமே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, நடிக்கவும் செய்தார். நான்கு சுமையையும் ஒரு தோள் தாங்கியதால் படம் சில இடங்களில் நகர மறுக்கிறது. கண்ணீரைப் பார்வையாளரிடம் விட்டுவைக்காமல் தாமே முந்திக் கொண்டு சிந்திவிடும் வழக்கமும் அவருக்கு உண்டு. எம் தந்தையார் அவரை "அழுமூஞ்சி நாகையா" என்றுதான் குறிப்பிடுவார். எதிர்வீட்டுத் தெலுங்கு வாத்தியார் அதைக் கேட்டு இரண்டு நாள் பேசாதிருந்ததும் உண்டு. தந்தையார் கருத்தில் பாதி உண்மை என்று இன்றும் எண்ணுகிறோம்.

இனித் தமிழுக்கு வருவோம். 'அசோக் குமார்' (1941) படத்தில் பாகவதர் மைந்தன் குணாளன். நாகையா தந்தை அசோகன். இருவருக்கும் வயது வேற்றுமை ஆறே ஆண்டுகள்! ஒப்பனையைக் காட்டிலும் குரலே அவரை மூத்தவராக்கிற்று. எல்லிஸ் ஆர். டங்கனின் 'மீரா' (1945) படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வானளாவும் இசைக்கு எதிரே ராணாவாக நிற்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? நாகையா போட்டியிடவில்லை. ஆற்றாமையையும் சினத்தையும் தாழ்ந்த குரலில் பேசி, மீராவின் இசைக்குச் சுருதிப்பெட்டி போல அடியில் இருந்தார். அவரது தமிழில் தெலுங்கு வாசனை உண்டு. அதை நம் மக்கள் குறையாகக் கொள்ளவில்லை.

அவருடைய தமிழ்ப் படங்களுள் தலையாயது எதுவெனில், 'ஏழை படும் பாடு' (1950) என்போம். விக்டர் ஹ்யூகோவின் நெடுங்கதையைத் தழுவி, கோவை பட்சிராஜா படப்பிடிப்பு நிலையத்துக்காக கே. ராம்நாத் இயக்கியது. துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயரே வாழ்நாள் அடைமொழியாயிற்று. துரத்தப்படும் கந்தன் நாகையா. ரொட்டித் திருடனாய்ச் சிறை சென்றவன் ஊர் போற்றும் பெரியவனாக மாறும் கதையில், அவர் முகத்தைக் காட்டிலும் குரலே மிகுதியாக மாறுகிறது. தொடக்கத்தில் கரகரத்து, உறுமலாய் வெளிப்படும் அது, பின்னர் அமைதி பெற்று ஆழ்கிறது. இங்கே அழுமூஞ்சி இல்லை. அவரால் இவ்வளவு அடக்கமாகவும் இயலும் என்பதற்கு இப்படமே சாட்சி.

இதற்குப் பின் நிகழ்ந்ததுதான் நமக்கு வருத்தம். பின்னணிப் பாட்டு வேரூன்றிய காலத்தில் தமிழ்த் திரை அவரைத் தந்தை வேடங்களுக்கே அழைத்தது. 'சம்பூர்ண ராமாயணம்' (1958) படத்தில் தசரதன். 'பாவமன்னிப்பு' (1961) படத்தில், கண்டெடுத்த பிள்ளையைத் தன் மகனாக வளர்க்கும் முஸ்லிம் பெரியவர். அப்படத்தின் புகழ்பெற்ற பெருநாள் பாட்டை டி.எம். சௌந்தரராஜனும் நாகூர் ஹனீபாவும் பாடினர். அது அருமையான பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு முன் தம் பாட்டைத் தாமே பாடி நடித்தவர் திரையில் இருக்க, அவர் குரல் அப்பாட்டில் இல்லை. நம் வீட்டுப் பெரியவர்களுள் பலர் அவரை நல்ல அப்பாவாக மட்டுமே அறிவர். பாடகர் என்றால் வியக்கின்றனர்.

பேச்சில் மட்டும் அந்தச் சுருதி மிஞ்சியது. வரம் கொடுத்துவிட்டுத் தவிக்கும் தசரதனின் சொற்களைக் கண்ணை மூடிக் கேட்டால், பாட்டில்லாத ஒரு விருத்தமாகவே அது காதில் விழும்.

1964இல், அறுபதாம் வயதில், 'ராமதாசு'வைத் தாமே தயாரித்து இயக்கி, சிறையில் வாடும் பக்தராக மீண்டும் வந்தார். 1965இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வந்தவர்க்கெல்லாம் வாரி வழங்கிய அவர், வசதி இழந்த நிலையில் 1973 டிசம்பர் 30 அன்று சென்னையில் காலமானார். தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை உண்டு. சித்தூரில் அவர் பெயரால் கலாக்ஷேத்திரம் உண்டு. அவ்வழியே பேருந்தில் செல்கையில் எம் மகன் பெயர்ப் பலகையைத் தெலுங்கில் படித்துவிட்டு, "யாரப்பா இவர்?" என்றான். கைப்பேசியில் ஒரு கீர்த்தனையை எடுத்துக் கொடுத்தோம். "சத்தமே பற்றவில்லை" என்றான். காதோடு வைத்துக் கேள் என்றோம். சித்தூர் நிலையம் வரும் வரை கேட்டான்.

அன்பர்கள் 'தியாகய்யா'வில் தொடங்க வேண்டாம், பொறுமை சோதிக்கப்படும். 'ஏழை படும் பாடு' கிடைத்தால் முதலில் பிள்ளைகளோடு அதைப் பாருங்கள். 'யோகி வேமனா'வுக்கு எதிர்வீட்டாரையும் அழைத்துக் கொள்ளலாம். தெலுங்குச் சொற்களுக்குப் பொருள் கூற அவர்கள் உதவுவார்கள்.